பொதுப் பட்டறையும் அதன் பொறுப்பாளரும்

2017 நவம்பர் 15 அன்று டெக் ஷாப் என்ற நிறுவனம் அமெரிக்காவில் இருந்த தன் பத்துப் பட்டறைகளையும் ஒரே நாளில் மூடியது. சந்தா கட்டியிருந்தவர்களுக்கு முன்னறிவிப்பு எதுவும் இல்லை. அடுத்த சில மாதங்களில் நிறுவனம் திவாலானது. 2006-இல் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஜிம் நியூட்டன் தொடங்கியது அது. மாதச் சந்தா நூறு டாலருக்குச் சற்று மேல். அதைக் கட்டிவிட்டால் லேத், மில்லிங் மெஷின், வெல்டிங் செட், லேசர் கட்டர், பெரிய தையல் இயந்திரம் எல்லாவற்றையும் முறைப்படி பழகிக்கொண்டு யார் வேண்டுமானாலும் இயக்கலாம். கைபேசியில் செருகிக் கிரெடிட் கார்டைத் தேய்க்கும் ஸ்கொயர் கருவியின் முதல் மாதிரியை ஜிம் மெக்கெல்வி செய்தது அங்கேதான். 2014 ஜூனில் வெள்ளை மாளிகையிலேயே இப்படிப் பொருள் செய்பவர்களின் கண்காட்சி நடந்தது. இனி ஊருக்கு ஊர் பட்டறை வரும் என்று எல்லோரும் பேசிய காலம் அது. மூன்றே ஆண்டுகளில், அந்தப் பேச்சின் முன்வரிசையில் நின்ற நிறுவனம் இல்லாமல் போனது.

ஏன் என்ற கேள்வி டெக் ஷாப்போடு முடிவதில்லை. பொழுதுபோக்காகவோ சொந்தத் தேவைக்காகவோ கையால் பொருள் செய்பவர்கள் கூடிப் பயன்படுத்தும் பட்டறைகள் கடந்த ஐம்பது ஆண்டுகளில் பல நாடுகளில் தோன்றியிருக்கின்றன. அரசு நடத்திப் பார்த்தது. வியாபாரிகள் நடத்திப் பார்த்தார்கள். உறுப்பினர்களே வாடகை போட்டு நடத்தினார்கள். பல்கலைக்கழகங்களும் ஓய்வுபெற்ற முதியவர்களும் நடத்தினார்கள். சில நீடித்தன, பல மறைந்தன. இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. இயந்திரம் வாங்கப் பணம் தருபவர்கள் கிடைத்துவிடுகிறார்கள். இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் ஆளுக்குச் சம்பளம் தருபவர்கள் கிடைப்பதில்லை. பட்டறை நிற்பதும் விழுவதும் அந்த ஆளைப் பொறுத்தே என்பது என் முடிவு.

தேவை உண்மையானது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் ஒரு புத்தக அலமாரி செய்ய நினைத்தால், பலகையை நேராக அறுக்க டேபிள் சா வேண்டும். அதன் இரைச்சலையும் தூசியையும் பக்கத்து வீட்டார் பொறுக்க மாட்டார்கள். வாங்கினாலும் வைக்க இடமில்லை. ஆண்டுக்குச் சில மணி நேரம்தான் ஓடும். நூறு பேர் சேர்ந்து ஒன்று வைத்துக்கொள்வதே நியாயமான கணக்கு. கைக்கருவிகளைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு பிசகாமல் நடக்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் பொது நூலகமே 1979 முதல் டிரில், ரம்பம், ஸ்பேனர் என்று இரவல் கொடுத்துவருகிறது. ஆனால் லேத்தும் டேபிள் சாவும் புத்தகம் போல அல்ல. ஒருவர் பயன்படுத்திவிட்டுப் போனதும் அடுத்தவர் அப்படியே கையில் எடுத்துவிட முடியாது.

லேத்தையே எடுத்துக்கொள்வோம். வேலைத்துண்டைப் பிடித்திருக்கும் சக்கை இறுக்க ஒரு சாவி உண்டு. அதைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டால், சாவி பறந்து வந்து அடிக்கும். கோவையில் டர்னர் வேலை பழக வரும் பையன் இதை முதல் வாரத்திலேயே திட்டு வாங்கிக் கற்றுக்கொள்வான்: கை சாவியை விட்டு விலகுவதற்கு முன்னால் சாவி சக்கை விட்டு விலகியிருக்க வேண்டும். பொதுப் பட்டறையில் அந்தத் திட்டைக் கொடுக்க ஒருவர் வேண்டும். லேசர் கட்டரில் அக்ரிலிக் ஷீட்டை வைத்தால் அழகாக வெட்டும். ஏறக்குறைய அதே தோற்றத்தில் இருக்கும் பிவிசி ஷீட்டை வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பி மூச்சையும் கெடுக்கும், இயந்திரத்தின் உள்பாகங்களையும் அரிக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பட்டறை ஒன்றில், இரவில் தனியாக லேத்தில் வேலை செய்துகொண்டிருந்த இறுதியாண்டு மாணவி கூந்தல் சிக்கி இறந்தார். அவ்வளவு வசதியுள்ள பல்கலைக்கழகத்தில், இயந்திரத்தை நிறுத்த இன்னொரு கை அருகில் இல்லை. இந்த ஒன்றை நினைத்தால் போதும். 24 மணி நேரமும் திறந்திருக்கும் பட்டறை என்ற விளம்பரத்தை நான் தயக்கத்தோடுதான் படிக்கிறேன்.

விபத்து அபூர்வம், பழுது அன்றாடம். ஆணி ஏறிய பழைய பலகையை ஒருவர் அறுத்துவிட்டுப் போவார். ரம்பத்தின் கார்பைடு பல் ஒன்று தெறித்திருக்கும். அடுத்து வருபவர் ஆசையாக வாங்கிய தேக்கை அதில் தள்ளுவார். விளிம்பு பிசிறடிக்கும், கருகும். யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. இப்படி நான்கு முறை நடந்தால் அவர் வருவதை நிறுத்திவிடுவார். அதனால் பொதுப் பட்டறைக்குத் தேவைப்படுபவர் தீட்டவும் எண்ணெய் விடவும் தெரிந்தவராக மட்டும் இருந்தால் போதாது. பழக்கத் தெரிந்தவராகவும், இந்தத் துண்டை இந்த மெஷினில் ஏற்றக் கூடாது என்று தடுக்கும் உரிமை உள்ளவராகவும் இருக்க வேண்டும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட முன்னோடிகள் இங்கிலாந்தின் தொழிற்சங்கக்காரர்கள். 1970களின் நடுவில் லூகாஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனம் ஆட்குறைப்பில் இறங்கியபோது, அதன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தோடு நின்றுவிடாமல், தங்கள் கைத்திறனை வைத்து வேறு என்னென்ன செய்யலாம் என்று ஒரு திட்டமே தயாரித்தார்கள். 1976-இல் வெளிவந்த அதில் சுமார் 150 யோசனைகள் இருந்தன: ஹீட் பம்ப், காற்றாலை, சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடக்கூடிய பேருந்து, நடக்க இயலாத குழந்தைகளுக்கான வண்டி. ராணுவ விமானப் பாகங்களுக்குப் பதிலாக மக்களுக்குப் பயன்படும் பொருள்கள். நிர்வாகம் அதை ஏற்கவில்லை. முன்னின்று உழைத்த வடிவமைப்புப் பொறியாளர் மைக் கூலி 1981-இல் வேலையிழந்தார்.

லண்டன் பெருநகரப் பேரவை அவரை அழைத்துக்கொண்டது. பேரவையின் தொழில் வாரியத்தில் தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்ற கூலி, டெக்னாலஜி நெட்வொர்க் என்ற பெயரில் ஐந்து அமைப்புகளை உருவாக்கினார். பாலிடெக்னிக்குகளின் அறிவையும் கருவிகளையும் சாதாரண மக்களின் கைக்கு எட்டும் தூரத்தில் கொண்டுவருவது நோக்கம். வேலையிழந்தவர், பக்கத்துத் தெருக்காரர், சிறு கூட்டுறவு அமைப்பு, யார் யோசனையோடு வந்தாலும் சம்பளம் வாங்கும் தொழில்நுட்பர் ஒருவர் கூட நின்று மாதிரி செய்து தருவார். உருவான வடிவமைப்புகள் பொதுவில் சேமிக்கப்பட்டன. இதில் குறை இல்லாமல் இல்லை. அக்கம்பக்கத்து மக்கள் எதிர்பார்த்த அளவுக்கு உள்ளே வரவில்லை. ஆனாலும் ஆளுக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்ற தெளிவு அங்கே இருந்தது. 1986-இல் தாட்சர் அரசு பெருநகரப் பேரவையையே கலைத்துவிட்டது. பணம் நின்றது, அமைப்புகளும் ஒவ்வொன்றாகக் கரைந்தன. 3டி பிரிண்டர் பெயர் கேள்விப்படாத காலத்தில் நடந்த இந்த முயற்சியை, பின்னால் வந்த பட்டறைக்காரர்களில் பலர் அறியாமலே இருந்தார்கள். அறிந்திருந்தால், ஒரே புரவலரை நம்பி நிற்பதன் ஆபத்தை அவர்கள் முன்கூட்டியே கண்டிருப்பார்கள்.

அடுத்த அலை கணினி ஆர்வலர்களிடமிருந்து வந்தது. பெர்லினில் 1995-இலேயே சி-பேஸ் தொடங்கிவிட்டது. வியன்னாவில் 2006-இல் மெட்டாலாப். 2007 கோடையில் பெர்லின் அருகே நடந்த கணினி ஆர்வலர் முகாமில் யென்ஸ் ஓலிக், லார்ஸ் வைலர் என்ற இரு ஜெர்மானியர்கள், இத்தகைய இடத்தை நடத்தும் அனுபவத்தைச் சின்னச் சின்ன விதிகளாக எடுத்துச் சொன்னார்கள். சமையலறை கட்டாயம் வேண்டும், வாரம் ஒருமுறை எல்லோரும் கூட வேண்டும் என்பது போன்ற நடைமுறை ஞானம் அது. கேட்டுக்கொண்டிருந்த அமெரிக்கர்கள் ஊர் திரும்பி நியூயார்க்கில் என்ஒய்சி ரெசிஸ்டரையும் சான் பிரான்சிஸ்கோவில் நாய்ஸ்பிரிட்ஜையும் தொடங்கினார்கள். முதலாளி கிடையாது, சம்பளக்காரர் கிடையாது. வாடகையை உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்வார்கள்.

இந்த முறை டெக் ஷாப்பைவிட உறுதியானது என்பதைக் காலம் காட்டிவிட்டது. செலவு குறைவு, வருமானமும் செலவும் ஒரே கூட்டத்தினுடையவை. மேற்சொன்ன நான்கும் இன்றும் இருக்கின்றன. ஆனால் சம்பளக்காரர் இல்லாத இடத்தில் பராமரிப்பு முழுவதும் இரண்டு மூன்று பேரின் தோளில் ஏறுகிறது. தரையைக் கூட்டுவது, தீர்ந்துபோன கம்பியை வாங்கி வைப்பது, புதிதாக வந்தவருக்குச் சாலிடரிங் சொல்லித்தருவது எல்லாம் அவர்களே. அவர்கள் களைத்து விலகும்போது இடம் தள்ளாடுகிறது. இன்னொரு குறையும் உண்டு. கணக்கில் வராத பழக்கவழக்கங்களால் நடக்கும் இடம், அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கே வசதியாக அமைகிறது. பெண்கள் பலருக்கு அங்கே மரியாதையோ பாதுகாப்போ கிடைக்காததால்தான் 2013-இல் சியாட்டிலிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் தனியே பெண்களுக்கான பட்டறைகள் தோன்றின.

ரெசிஸ்டரில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005-இல் தொடங்கிய ரெப்ராப் திட்டம், 3டி பிரிண்டரின் வடிவமைப்பை யாரும் எடுத்துச் செய்துகொள்ளும்படி பொதுவில் வைத்தது. அதை அடிப்படையாகக் கொண்டு ரெசிஸ்டர் உறுப்பினர்கள் மூவர் 2009-இல் மேக்கர்பாட் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். லேசரில் வெட்டிய பிளைவுட் சட்டத்தில் அமைந்த அவர்களின் முதல் பிரிண்டரை வாங்கியவர்கள் தாங்களே பூட்டி, திருத்தங்களை எல்லோருக்கும் சொன்னார்கள். 2012-இல் நிறுவனம் புதிய மாடலின் வடிவமைப்பைப் பொதுவில் தருவதை நிறுத்திக்கொண்டது. அடுத்த ஆண்டு ஸ்ட்ராட்டசிஸ் நிறுவனம் நாற்பது கோடி டாலருக்கு மேல் மதிப்பிட்டு அதை வாங்கியது. பலர் கைபட்டு வளர்ந்த ஒன்று தனிச்சொத்தானதில் எழுந்த கசப்பு இன்னும் மறையவில்லை. அந்தக் கசப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். இலவசமாகத் திருத்தம் சொன்னவர்களுக்கு, குறைந்தது அந்தத் திருத்தங்களாவது பொதுவில் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனி டெக் ஷாப்பின் கணக்கு. சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரத்தில் பெரிய கூடத்துக்கு வாடகை, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பராமரிப்பு, வாரம் முழுக்க ஷிப்ட் போட்டு ஆட்கள், காப்பீடு. எதிர்ப்பக்கம் ஆள் ஒன்றுக்கு நூற்றுச் சொச்சம் டாலர். சில கிளைகளுக்கு ஃபோர்டு போன்ற நிறுவனங்கள் கைகொடுத்தன. மூடியபோது தலைமையில் இருந்த டான் வுட்ஸ், நகராட்சி, நிறுவனம், அறக்கட்டளை ஆகியவற்றின் உதவி இல்லாமல் இத்தகைய பட்டறைகளை லாபத்துக்கு நடத்த முடியவில்லை என்ற பொருளில் விளக்கம் தந்தார். அதற்குப் பின் நடந்ததே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிட்ஸ்பர்க்கில் ப்ரோட்டோஹேவன், கலிஃபோர்னியாவில் மேக்கர் நெக்சஸ் என்று பழைய உறுப்பினர்களும் ஊழியர்களும் சேர்ந்து லாப நோக்கற்ற பட்டறைகளைத் தொடங்கினார்கள். கம்பெனி கரைந்தாலும் பழகிய கைகள் கலைந்துபோகவில்லை.

லாபம், தொழில்முனைவு என்ற பேச்சே இல்லாமல் பெருகியவை ஆஸ்திரேலியாவின் ஆண்கள் கொட்டகைகள். 1998-இல் விக்டோரியா மாநிலத்தின் டொங்காலா என்ற சிற்றூரில் அந்தப் பெயரில் முதலாவது திறந்தது. வேலையிலிருந்து ஓய்வுபெற்று, வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் மனம் சோர்ந்த ஆண்கள் மரவேலையும் உலோகவேலையும் செய்ய வரும் இடம். உட்காரவைத்து உன் கவலையைச் சொல் என்றால் பேசாதவர்கள், ஒரே பலகையின் இரு முனையையும் பிடித்தபடி பேசிவிடுகிறார்கள். 2010-இல் ஆஸ்திரேலிய அரசின் ஆண்கள் நலக் கொள்கையே இவற்றுக்கு நிதி ஒதுக்கியது. இன்று அந்த நாட்டில் ஆயிரத்துக்கும் மேல். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் நூற்றுக்கணக்கில். காரணம் தேடித் திணற வேண்டியதில்லை: அங்கே வருபவர்களில் பலர் நெடுங்காலம் கைவேலை பார்த்தவர்கள். பட்டறைக்குத் தேவையான மேஸ்திரி சம்பளமில்லாமல், தானே விரும்பி, காலை பத்து மணிக்கு வந்து நிற்கிறார். பழுது பார்க்கும் கூட்டங்களும் இதே பலத்தில்தான் நடக்கின்றன. மார்ட்டினே போஸ்ட்மா 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபே உலகெங்கும் பரவி, 2015-இல் பெங்களூரை எட்டியது. உடைந்த மிக்சியோடு வருபவரும் அதைத் திறக்கத் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள்.

எதிர்த்திசையில் ஒரு பாடம் சீனா. 2015 ஜனவரியில் பிரதமர் லீ கச்சியாங் ஷென்ஜெனில் இருந்த சாய்ஹுவோ என்ற சின்னப் பட்டறைக்குப் போனார். அதன்பின் அரசு ஊக்கத்தொகை பாய, பெயர்ப்பலகைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. பல இடங்களில் இயந்திரங்களைவிட வாடகை மேசைகளே அதிகம்.

இந்தியாவின் கதை மராட்டியத்தில், புனே மாவட்டத்துப் பாபல் கிராமத்தில் தொடங்குகிறது. இந்துஸ்தான் லீவரின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த டாக்டர் எஸ்.எஸ்.கல்பாக் அந்த வேலையை விட்டு வந்து 1983-இல் விஞ்ஞான ஆசிரமத்தை நிறுவினார். பள்ளியை விட்டு நின்ற கிராமத்துப் பிள்ளைகள் வெல்டிங், கட்டுமானம், வீட்டு மின்வேலை, விவசாயம் ஆகியவற்றைச் செய்தே படிக்கும் ஏற்பாடு. செய்வது விளையாட்டுக்கு அல்ல; ஊருக்குத் தேவையான வேலை, ஊரார் காசு கொடுத்து வாங்கும் வேலை. அமெரிக்காவின் எம்ஐடியில் 1998 முதல் எதையும் செய்யும் வகை பற்றி வகுப்பெடுத்த நீல் கெர்ஷன்ஃபெல்ட், ஃபேப் லேப் என்ற தன் பொதுப் பட்டறை யோசனையைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே சோதிக்க இடம் தேடியபோது, 2002-இல் முதன்முதலில் அமைந்த இடங்களில் ஒன்று பாபல். பாலின் தரத்தைச் சோதிப்பது, டீசல் என்ஜினை ட்யூன் செய்வது என்று கல்பாக்கிடம் ஏற்கெனவே கேள்விகள் இருந்தன. கருவிதான் புதிதாக வந்தது. ஃபேப் லேப்கள் இன்று உலகில் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டன. அவற்றில் எத்தனையோ இடங்களில் சாவிக்கொத்தும் பெயர்ப்பலகையும் தவிர வேறு எதுவும் அச்சாகாத நிலையைப் பார்க்கும்போது, பாபலின் வரிசை முறை எனக்குச் சரியாகப் படுகிறது: முதலில் ஊரின் வேலை, பிறகு ஆள், கடைசியில் இயந்திரம்.

நகரங்களில், 2013-இல் மும்பையில் வைபவ் சாப்ரா தொடங்கிய மேக்கர்ஸ் அசைலம் குறிப்பிடத்தக்கது. அலுவலகக் கூரை இடிந்து மேசை நாற்காலி நொறுங்கியபோது, வாங்குவதற்குப் பதில் ஆட்களைக் கூட்டிச் செய்துகொண்டதில் பிறந்தது அது. 2020-இல் கொரோனா பரவியபோது முகத்தடுப்புக் கவசத்தை வடிவமைத்து, பிற நகரங்களில் உள்ள பட்டறைகளோடு கைகோத்து லட்சக்கணக்கில் செய்து மருத்துவமனைகளுக்குக் கொடுத்தார்கள். வாடகை மட்டும் அவர்களையும் விடவில்லை; இப்போது கோவாவில் இயங்குகிறார்கள்.

பள்ளிகளுக்கு மத்திய அரசு கொண்டுவந்த அடல் டிங்கரிங் லேப் 2016-இல் தொடங்கி இன்று பத்தாயிரம் பள்ளிகளில் இருக்கிறது. பள்ளிக்கு இருபது லட்சம் ரூபாய்: பத்து லட்சம் கருவிக்கு, பத்து லட்சம் ஐந்தாண்டு நடத்தும் செலவுக்கு. 2025 பட்ஜெட்டில் மேலும் ஐம்பதாயிரம் அறிவிக்கப்பட்டது. நடத்தும் செலவுக்குச் சரிபாதி ஒதுக்கியது நல்ல யோசனை. ஆனால் அந்தப் பணத்தை ஐந்தாண்டுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு இரண்டு லட்சம். அதில் பொருளும் வாங்கி முழுநேரக் கைவினை ஆசிரியரையும் வைக்க முடியாது. பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரின் தலையில் கூடுதல் பொறுப்பாக ஏறுகிறது. அவர் மாற்றலாகிப் போனால் அலமாரி பூட்டிக் கிடக்கும்.

தமிழ்நாட்டில் இந்த விஷயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. இங்கே பொறியியல் படித்த அநேகமாக எல்லோரும் முதலாண்டில் பட்டறைக்குள் போயிருக்கிறார்கள். இரும்புத் தகட்டை அரத்தால் ராவி ‘வி’ ஃபிட்டிங் செய்திருப்பார்கள். மரத்தில் டி-ஜாயின்ட் வெட்டியிருப்பார்கள். மாடிப்படி விளக்குக்கு இரண்டு ஸ்விட்ச் வயரிங் போட்டிருப்பார்கள். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதோடு பெரும்பாலோருக்கு அந்தக் கதவு வாழ்நாள் முழுக்க மூடிவிடுகிறது. திறந்திருக்கும் விதிவிலக்கு சென்னை ஐஐடி. அங்கே 1981-ஆம் ஆண்டு மாணவர்கள் தந்த நிதியில் 2008-இல் உருவான புதுமை மையம் மாணவர்களாலேயே நடத்தப்படுகிறது. ஆனால் அது அந்த வளாகத்தில் இடம் கிடைத்தவர்களுக்கு.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? கோவையிலோ அம்பத்தூரிலோ தெருமுனை லேத் பட்டறையில் போய் ஒரு புஷ் கடைந்து தாருங்கள் என்று கேட்கிறார்கள். அந்தப் பட்டறைக்காரர் பொருளைப் பார்த்ததும் குறை சொல்லி, திருத்தி, மாலைக்குள் செய்து கொடுப்பார். அவரைப் போன்றவர்கள் இருப்பதால்தான் இங்கே பொதுப் பட்டறையின் தேவை உறைக்கவில்லை. ஆனால் அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாமே தவிர, கைப்பிடியை நம்மிடம் தர மாட்டார். அது அவர் பிழைப்பு. கைவேலையைச் சாதியோடு கட்டிவைத்த சமூகத்தில், படித்தவன் அரத்தைத் தொடுவது இறக்கம் என்ற எண்ணமும் இன்னும் போகவில்லை. பொழுதுபோக்குக்காகச் செய்யும் படித்தவர்களும் பிழைப்புக்காகச் செய்பவர்களும் ஒரே மெஷினில் நின்று பழகும் இடம் வந்தால், அந்த எண்ணத்தை அசைக்க அதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியவில்லை.

இயந்திரம் இல்லையா என்றால், இருக்கிறது. தமிழ்நாடு அரசும் டாடா டெக்னாலஜிஸும் சேர்ந்து 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் மேம்படுத்தின. சிஎன்சி மெஷின், 3டி பிரிண்டர், ரோபோ எல்லாம் வந்திருக்கின்றன. ஆட்களும் இருக்கிறார்கள். திருச்சி பெல், பொன்மலை ரயில்வே பணிமனை, பெரம்பூர் ஐசிஎஃப், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஆகியவற்றிலிருந்து ஓய்வுபெறும் ஃபிட்டர்களும் டர்னர்களும் வெல்டர்களும் அறுபது வயதில் திடகாத்திரமாக வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கொட்டகைகளை நிறுத்திவைத்திருப்பது இதே வகை மனிதர்கள்தான். நம்மவர்களில் பலருக்கு ஓய்வூதியம் குறைவு. சும்மா வாருங்கள் என்று அழைப்பது அநியாயம். மதிப்பூதியம் தர வேண்டும், அதைச் சந்தாவிலிருந்து எதிர்பார்க்காமல் உள்ளாட்சி அமைப்போ தொழிலாளர் துறையோ தர வேண்டும்.

இதற்கு முதலில் வேண்டியது ஓர் அரசாணை: வகுப்பு இல்லாத நேரத்தில் தொழிற்பயிற்சி நிலையத்தின் பட்டறையை வெளியாருக்குத் திறக்கலாம், விபத்துக் காப்பீடு இன்ன வகையில், மெஷின் கெட்டால் பொறுப்பு இன்னாருடையது என்று. பொறுப்பு யாருடையது என்று எழுதாதவரை எந்த நிலைய முதல்வரும் பூட்டைத் திறக்க மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. தொடங்கிப் பார்க்க 71 ஊர் தேவையில்லை. திருச்சியில் ஒன்று, அம்பத்தூரில் ஒன்று, கோவையில் ஒன்று போதும். சனி, ஞாயிறு மட்டும். ஒரு வேளைக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். பெண்களுக்குப் பாதி இடம். முதல் ஆண்டு முழுவதும் கைக்கருவி, மரவேலை, வெல்டிங் ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். சிஎன்சியும் ரோபோவும் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.